எல்சாட் இணையவழி வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கலைப்பீடத்தில் பட்டம் முடித்து, கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறார். கனடாவிலோ அமெரிக்காவிலோ சட்டம் படித்துச் சட்டத்தரணியாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா, எல்சாட் என்னும் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் இணையவழி வகுப்பு ஒன்றை அனுப்பியிருக்கிறார். கட்டணம் 1,400 அமெரிக்க டாலர். அப்பா நிலையான வைப்பை உடைத்துத் தரத் தயாராக இருக்கிறார். கட்டலாமா என்பது கேள்வி.

இப்போது கட்டாதீர்கள். டாலர் 300 ரூபாய் அளவில் நிற்கும்போது அந்தத் தொகை நான்கு இலட்சம் ரூபாயைத் தாண்டும். சில மாதம் கழித்து அதில் ஒரு பகுதியைச் செலவழிக்க வேண்டி வரலாம். அப்போது எதற்காகச் செலவழிக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று அது தெரியாது. வகுப்பை விற்பவர்களுக்கும் தெரியாது.

அதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: உங்களுக்கு எல்சாட் தேவையா? உங்கள் நிலையில் பெரும்பாலும் தேவை. ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் பெற்றவர் வட அமெரிக்காவில் ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுச் சட்டப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இந்தப் பரீட்சை வருகிறது. ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களில் பலருக்குத் தேவைப்படாது. இலங்கையில் எல்.எல்.பி. என்னும் சட்டப் பட்டம் முடித்தவர்களும், புதுக்கடைச் சட்டக் கல்லூரி வழியாகச் சட்டத்தரணியானவர்களும் கனடாவில் தொழில் செய்ய விரும்பினால், என்.சி.ஏ. என்னும் தகைமை மதிப்பீட்டுக் குழுவிடம் விண்ணப்பித்து, அது குறிக்கும் பாடங்களில் பரீட்சை எழுதும் வழி இருக்கிறது. அந்த வழியில் எல்சாட் இல்லை. அமெரிக்காவில் ஓராண்டு எல்.எல்.எம். என்னும் சட்ட முதுகலைப் பட்டம் படிக்கப் போகிறவர்களிடமும் பொதுவாக எல்சாட் கேட்கப்படுவதில்லை. உயர்தரம் முடித்த கையோடு இங்கிலாந்தில் சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு, ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், எல்.எஸ்.ஈ. போன்ற சில பல்கலைக்கழகங்கள் கேட்பது எல்நாட் என்னும் வேறொரு பரீட்சை. அதில் 42 பல்தேர்வு வினாக்களும் ஒரு கட்டுரையும் உண்டு. ஒரு விண்ணப்பப் பருவத்தில் ஒரு தடவைதான் எழுதலாம். புதுக்கடைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது, அதைத் தமிழிலேயே எழுதலாம். எந்தப் பரீட்சை என்று தெளிவடையாமல் பணம் கட்டுவோர் கொழும்பில் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இனி எல்சாட்டுக்கு வருவோம். புள்ளி 120 முதல் 180 வரை. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். அவற்றில் மூன்றுக்குத்தான் புள்ளி: தர்க்க நியாயம் இரண்டு, வாசிப்பு விளக்கம் ஒன்று. நான்காவது பகுதி பரீட்சை நடத்துவோர் தங்கள் புதிய வினாக்களைச் சோதித்துப் பார்ப்பதற்கானது. எது அந்தப் பகுதி என்பது எழுதுபவருக்குத் தெரியாது. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. தர்க்க நியாயப் பகுதி ஒன்றில் சுமார் 25 வினாக்கள் வரும், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. வாசிப்புப் பகுதியில் நான்கு தொகுதிகள். சட்டம், இயற்கை விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம், கலை இலக்கியம் என்று எதிலிருந்தும் வரும். பாட அறிவு எதுவும் கேட்கப்படுவதில்லை.

2024 ஆகஸ்டுக்கு முன் இன்னொரு பகுதி இருந்தது. லொஜிக் கேம்ஸ் என்று எல்லோரும் அழைத்த புதிர்ப் பகுதி அது. ஏழு பேர் ஒரு வரிசையில் அமர வேண்டும், இன்னார் இன்னாருக்கு அருகில் இருக்கக்கூடாது, யார் எங்கே அமரலாம் என்ற வகையான வினாக்கள். பார்வையற்ற விண்ணப்பதாரர்கள் தொடுத்த வழக்கில் 2019 இல் ஏற்பட்ட இணக்கத்தைத் தொடர்ந்து அந்தப் பகுதி நீக்கப்பட்டது. அந்த இடத்தில் இரண்டாவது தர்க்க நியாயப் பகுதி வந்தது.

உங்கள் கேள்விக்கு இந்த மாற்றம் மிக முக்கியம். பயிற்சி வகுப்புகள் தங்கள் கட்டணத்தை மிகத் தெளிவாக நியாயப்படுத்திய இடம் அந்தப் புதிர்ப் பகுதிதான். படம் வரையும் முறையை ஒருவர் கற்றுக்கொடுத்தால், முதல் வாரம் திணறிய மாணவர் சில வாரத்தில் பெரும்பாலானவற்றைச் சரியாகச் செய்வார். அது கற்பிக்கக்கூடிய உத்தி. மீதி இருக்கும் இரண்டும் அப்படி அல்ல. ஒரு பந்தியை வாசித்து, இதில் முடிவு எது, ஆதாரம் எது, இடையில் சொல்லாமல் விட்டது எது என்று காணும் பழக்கத்தை ஒரு காணொளி உங்களுக்குள் உண்டாக்க முடியாது. பெயர்களையும் வகைகளையும் அது சொல்லித் தரும். அதற்குமேல் உள்ள வேலை உங்களுடையது. பரீட்சை மாறிவிட்டது, ஆனால் வகுப்புகளின் விலை அந்த அளவுக்குக் குறையவில்லை. பழைய புதிர்ப் பகுதியைச் சுமந்துகொண்டிருக்கும் புத்தகங்களும் காணொளித் தொகுப்புகளும் மலிவாக இன்னும் கைமாறுகின்றன. அவற்றை வாங்காதீர்கள்.

சித்தப்பா அனுப்பிய விளம்பரத்தில், அந்த வகுப்பில் படித்தவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு புள்ளி உயர்ந்தார்கள் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தையே ஒரு தர்க்க நியாய வினாவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரம்: படித்தவர்களின் புள்ளி உயர்ந்தது. முடிவு: வகுப்பு உயர்த்தியது. சொல்லாமல் விட்டவை எவை? முதற் புள்ளி எப்போது எடுக்கப்பட்டது? பரீட்சையின் முகமே தெரியாத நாளில் எழுதிய வினாத்தாளின் புள்ளியென்றால், தனியே இருந்து பயிற்சி செய்தவருக்கும் அது உயர்ந்துதான் இருக்கும். சராசரியில் யார் சேர்க்கப்பட்டார்கள்? இடையில் நின்றவர்களையும், புள்ளி குறைந்ததால் அறிவிக்காமல் விட்டவர்களையும் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் எண் தானாக ஏறும். பெருந்தொகை கட்டிச் சேருகிறவர் வேலையை விட்டுப் படிக்கக்கூட ஆயத்தமாக இருக்கிறவர். அவருடைய உழைப்புக்கும் வகுப்புக்கும் புள்ளியை எப்படிப் பிரிப்பது?

இப்போது தேவையான எடுகோளைக் கண்டுபிடிக்கும் முறையைப் பாருங்கள். சொல்லாமல் விட்டதாக நீங்கள் நினைக்கும் கூற்றை மறுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். "வகுப்பு இல்லாமலே அவர்கள் அதே அளவு உயர்ந்திருப்பார்கள்" என்று வைத்துப் பாருங்கள். விளம்பரத்தின் முடிவு அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. ஆகவே "வகுப்பு இல்லாமல் அவர்கள் அதே அளவு உயர்ந்திருக்க மாட்டார்கள்" என்பது அந்த வாதம் தாங்கி நிற்கும் எடுகோள். அதற்கு விளம்பரம் ஆதாரம் எதுவும் தரவில்லை. எல்சாட் கேட்பது இதைத்தான். இதைச் செய்யத் தெரிந்தவர், அடுத்தவரின் சராசரியை வைத்து நான்கு இலட்சம் ரூபாயை எடுத்து வைக்க மாட்டார்.

பணம் திருப்பித் தருவோம் என்ற உத்தரவாதத்தையும் இப்படியே வாசியுங்கள். எல்லா வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும், எல்லா வீட்டுவேலையும் முடித்திருக்க வேண்டும், குறித்த திகதியில் பரீட்சை எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் கீழே இருக்கும். சில இடங்களில் உத்தரவாதம் என்பது பணம் அல்ல, அதே வகுப்பில் இன்னொரு தடவை இருக்க அனுமதி மட்டுமே. காட்டும் விலையும் முழு விலையாக இராது. உத்தியோகபூர்வ வினாத்தாள்களை எல்.எஸ்.ஏ.சி. என்னும் பரீட்சை அமைப்பே தன் லாஹப் தளத்தில் வைத்திருக்கிறது. பெரும்பாலான தனியார் வகுப்புகளில் அவற்றைப் பயன்படுத்த வேண்டுமானாலும் லாஹப் ஆண்டுச் சந்தாவை நீங்கள் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். நேரலை வகுப்பென்றால் நேரத்தையும் பாருங்கள்: ரொறன்ரோவில் கோடைகால மாலை ஏழு மணி என்பது கொழும்பில் விடியற்காலை நாலரை. பகல் முழுவதும் வேலை செய்கிறவர் வாரத்தில் மூன்று நாள் நாலரைக்கு எழுந்து நியாயம் பிரித்துப் பார்ப்பது எத்தனை வாரம் நடக்கும்?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கொழும்பில் அதைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை. இந்த வகுப்புகள் ஆங்கிலத்திலேயே வளர்ந்து, ஆங்கிலத்திலேயே பள்ளி முடித்த அமெரிக்க, கனேடிய மாணவரை நினைத்து அமைக்கப்பட்டவை. அவருக்கு மொழி தடை அல்ல, நியாயம்தான் தடை. நம் பிள்ளைகளிடம் நான் காண்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. க.பொ.த. உயர்தரத்தைத் தமிழில் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள், அதே வாதத்தைத் தமிழில் வைத்தால் ஓட்டையை உடனே பிடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அறுபது சொல் நீளும் ஒரே வாக்கியமாக, இரண்டு எதிர்மறையும் ஒரு "அல்லாவிட்டால்" என்ற நிபந்தனையும் உள்ளே மடித்து வரும்போது, வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அவர்கள் பிழை விடுவது சிந்தனையில் அல்ல. ஆனால் வகுப்போ சிந்தனையின் வகைகளைக் கற்பித்துக்கொண்டிருக்கிறது. இல்லாத நோய்க்கு விலை உயர்ந்த மருந்து வாங்குவது போன்றது அது.

நம்முடைய டியூஷன் பழக்கமும் இதற்குள் வந்து சேர்கிறது. உயர்தரத்துக்கு ஒரு நல்ல ஆசிரியரிடம் போனால் பாடத்திட்டத்தை முடித்துத் தருவார், கடந்தகால வினாத்தாள்களை வைத்து வரக்கூடிய பகுதிகளைக் குறித்துத் தருவார், அவர் சொன்னதைப் படித்தவர் இசட் புள்ளியில் முன்னால் நிற்பார். அந்த நம்பிக்கைக்கு அங்கே காரணம் இருக்கிறது, நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. எல்சாட்டில் முடித்துத் தரப் பாடத்திட்டம் இல்லை, குறித்துத் தரப் பகுதியும் இல்லை. நல்ல இடத்தில் சேர்த்துவிட்டோம், இனிப் பிள்ளை வந்துவிடுவாள் என்று அப்பா நிம்மதியடைவது இயல்பு. அந்த நிம்மதிக்குத்தான் நான்கு இலட்சம் போகிறது என்பதை அவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, முதலில் என்ன செய்வது? லாஹப்பில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். சில முழு வினாத்தாள்கள் அதிலேயே இருக்கின்றன. ஒன்றை நேரம் வைத்து, பரீட்சைபோலவே, திரையில் எழுதுங்கள். வீட்டில் சத்தமென்றால் விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே உள்ள கொழும்பு பொது நூலகத்துக்கு மடிகணினியோடு போகலாம். எழுதும்போதே, உறுதியில்லாத வினாக்களைக் குறித்துக்கொண்டு போங்கள். முடிந்ததும் விடையைப் பார்க்காதீர்கள். அடுத்த நாள் அதே வினாத்தாளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடியும் செய்யுங்கள். இரண்டு புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் குறை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நேரத்தோடு 148, நேரமில்லாமல் 163 என்றால், உங்களுக்கு நியாயம் தெரியும், வாசிப்பு வேகம் போதவில்லை. இரண்டிலும் 148 என்றால் நியாயத்தில் வேலை இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள். இந்த ஒரு வார வேலைக்கு ஒரு சதமும் செலவில்லை.

வேகம்தான் குறை என்றால், இரண்டு மாதம் நாளுக்கு ஒரு மணி நேரம் கடினமான ஆங்கிலம் வாசியுங்கள். அதற்கு நம் ஊரிலேயே நல்ல பொருள் இருக்கிறது. இலங்கை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் அதன் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடிப்படை உரிமை மனுத் தீர்ப்பு ஒன்றை எடுத்து, மனுதாரரின் வாதம் எது, எதிர்மனுதாரரின் வாதம் எது, நீதியரசர் எந்த இடத்தில் எதை ஏற்று எதைத் தள்ளுகிறார் என்று ஓரத்தில் எழுதுங்கள். வாசிப்புப் பகுதியில் வரும் சட்டப் பந்திகள் இதைவிட எளிதாகத் தோன்றத் தொடங்கும். சட்டத்தரணியாகப் போகிறவருக்கு அந்த நேரம் எப்படியும் வீணாகாது. விஞ்ஞானம், கலை பற்றிய நீண்ட கட்டுரைகளையும் கலந்து வாசியுங்கள்.

நியாயம்தான் குறை என்றால் லாஹப் ஆண்டுச் சந்தாவை எடுங்கள். அண்மைக் கணக்கில் 120 டாலர். புதிய அமைப்புக்கு மாற்றிய ஐம்பதுக்கும் மேற்பட்ட உண்மையான வினாத்தாள்கள் கிடைக்கின்றன. நான் தயக்கமின்றிக் கட்டச் சொல்லும் ஒரே கட்டணம் இது. தனியார் தாங்களே எழுதிய போலி வினாக்கள் எவ்வளவு இருந்தாலும் இதற்கு ஈடாகாது. விடைத் தெரிவுகளின் சொற்களில்தான் இந்தப் பரீட்சையின் நுணுக்கமே இருக்கிறது, அந்தச் சொற்களை எல்.எஸ்.ஏ.சி. எழுதுவதுபோல் மற்றவர்கள் எழுதுவதில்லை. பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும், சரியான விடை ஏன் சரி என்பதோடு நில்லாமல், மற்ற நான்கும் எந்தச் சொல்லால் பிழையாகின்றன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். புள்ளி உயரும் இடமும் இதுதான். ஐம்பது வினாத்தாளை அவசரமாக ஓடி முடித்தவரைவிட, பதினைந்தை இப்படிப் பிரித்துப் பார்த்தவர் முன்னே போய்விடுவார்.

எப்போது வகுப்புக்குப் பணம் கட்டலாம்? மூன்று மாதம் இப்படி ஒழுங்காகச் செய்தும் ஒரே புள்ளியில் நின்றுவிட்டால், அதுவும் ஏன் பிழைக்கிறது என்று கொப்பியைப் பார்த்தும் விளங்காவிட்டால், உதவி தேவை. அப்போதும் 1,400 டாலர் நேரலை வகுப்பை எடுக்கச் சொல்ல மாட்டேன். நூறு டாலருக்குக் கீழே மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் பதிவுசெய்த பாடங்களை இரண்டு மாதம் எடுத்து, உங்களுக்கு வராத வினா வகையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தலாம். அதைவிடவும் நல்லது, நல்ல புள்ளி எடுத்த ஒருவரோடு சில மணி நேரம் தனியாக அமர்வது. நீங்கள் வாய்விட்டு நியாயம் சொல்லச் சொல்ல, உங்கள் எண்ணம் எங்கே தடம் மாறுகிறது என்று அவர் கேட்டுச் சொல்வார். பெரிய வகுப்பில் அதைச் செய்ய யாருக்கும் நேரமில்லை. தனியே உட்கார்ந்து படிக்கவே முடியாத சிலர் இருக்கிறார்கள். திகதியும் வீட்டுவேலையும் வெளியிலிருந்து வந்தால்தான் அவர்கள் நகர்வார்கள். அவர்களுக்கு வகுப்பு பயன்படும். பட்டப்படிப்புக் காலத்தில் நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவைத் தீவிரமாக நினைத்தால் கணக்கு சற்று மாறுகிறது. அங்கே புலமைப்பரிசில் பெரும்பாலும் எல்சாட் புள்ளியையும் பட்டப்படிப்புப் புள்ளியையும் பார்த்தே கொடுக்கப்படுகிறது. வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடனும் கிடையாது. சில புள்ளி உயர்வு பல்லாயிரம் டாலர் கட்டணச் சலுகையாக மாறக்கூடும். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு அமெரிக்கச் சட்டக் கல்லூரியும் 509 அறிக்கை என்ற ஒன்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேர்ந்தவர்களின் எல்சாட் இடைநிலைப் புள்ளியும், எத்தனை பேருக்கு எவ்வளவு உதவித்தொகை கிடைத்தது என்பதும் அதில் இருக்கும். உங்கள் பயிற்சிப் புள்ளி ஒரு கல்லூரியின் இடைநிலைக்கு இரண்டு மூன்று புள்ளி கீழே நின்றால், அந்த இடைவெளியை நிரப்பச் சில நூறு டாலர் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. 145 இல் நிற்கும்போது செலவழிப்பதில் இல்லை. அமெரிக்க விண்ணப்பம் பற்றி இலவசமாக ஆலோசனை பெற, கொழும்பு 3 இல் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. நிலையம் இருக்கிறது. அனுமதியும் வாங்கித் தருகிறோம், எல்சாட்டும் படிப்பிக்கிறோம் என்று இரண்டையும் ஒரே பொதியாக விற்கும் முகவர்களிடம் போவதற்கு முன் அங்கே போங்கள்.

அப்பாவின் பணம் வேறு இடத்தில் தேவைப்படும். 2025–26 காலத்தில் பரீட்சைக் கட்டணம் மட்டும் 248 டாலராக இருந்தது. இரண்டாம் தடவை எழுதினால் அதே தொகை மீண்டும். விண்ணப்பக் கட்டணங்கள் தனி. புள்ளி கல்லூரிகளுக்கு அனுப்பத்தக்கதாக இருக்கும் ஐந்தாண்டுக் காலத்துக்குள் ஐந்து தடவையும் வாழ்நாளில் ஏழு தடவையும்தான் எழுதலாம் என்பதால், "எழுதிப் பார்ப்போம்" என்று ஒரு தடவையை வீணாக்கவும் கூடாது. ஒன்டாரியோ சட்டக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் வழமையாக நவம்பர் தொடக்கத்தில் மூடப்படுகிறது. ஜூனில் முதற் பரீட்சையை எழுதினால், புள்ளி போதாவிட்டால் ஆகஸ்டிலோ செப்டெம்பரிலோ திரும்ப எழுத இடமிருக்கும்.

முதல் வினாத்தாளை எழுதிவிட்டு, நேரத்தோடு எடுத்த புள்ளியையும் நேரமில்லாமல் எடுத்த புள்ளியையும், எந்த வகை வினாக்கள் அதிகம் பிழைத்தன என்பதையும் எனக்கு எழுதுங்கள். உங்களுக்கு வேண்டியது வாசிப்பா, தனி ஆசிரியரா, சந்தாவா என்பதை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை நிலையான வைப்பு வங்கியிலேயே இருக்கட்டும்.